ஓரத்துண்டு

சிரில் ஒரு திருடன். இதை நான் பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். ரோக்லா மலையடியில் இருக்கிற எங்கள் ஸ்ரேச்சே ஊரில் இதைக் கேட்காத காது கிடையாது. இன்றைக்கும் அந்தப் பேச்சில் மாற்றமில்லை. ஆனால் அந்தத் திருடன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்கு நல்லது செய்யப் பார்த்தான், அதை நானே தட்டிவிட்டேன் என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தால் எனக்கு வெட்கமில்லை என்று அர்த்தம்.

நான் செய்வது பனிச்சறுக்குப் பலகை, இரண்டு காலையும் ஒன்றின் மேலேயே மாட்டிக்கொள்வது. சுற்றுலா வந்தவர்கள் வாடகைக்கு எடுத்து விழுந்து எழுகிற ரகமில்லை. இறுகிப்போன பனியில் ஓர விளிம்பின் மேலேயே சாய்ந்து, கோடு கிழித்துக்கொண்டு திரும்புகிற கார்விங் பலகை. வருஷத்துக்கு நாற்பது செய்தால் அதிகம். அதற்கு வேண்டிய மரம், கண்ணாடி நார், ரப்பர், எபாக்சி பசை, எஃகு விளிம்பு எல்லாம் எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதது தகடு. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியக் கலப்புத் தகடு, மரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அது இல்லாத பலகை வேகத்தில் பல் கிட்டினது மாதிரி நடுங்கும். அது இருந்தால் வாயை மூடிக்கொண்டு போகும்.

எங்களுக்கு வேண்டிய பதத்தில் அதை உருட்டுகிற ஆலை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில் இருக்கிறது. போன வசந்தத்தில், ஒரு டன்னுக்குக் குறைந்து தருவதில்லை, அதற்கும் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு டன் தகட்டை வைத்து நான் என்ன செய்ய, வீட்டுக்குக் கூரை போடவா? என் அலமாரியில் அப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு தகடு, அதுவும் நடுவில் மடங்கியது. பழைய பந்தயப் பலகைகளைக் குப்பைக் கடையில் வாங்கி, அடுப்பில் சூடாக்கி, உள்ளிருக்கும் தகட்டை உரித்துப் பார்த்தேன். கோணல் மாணலாக வந்தது. வீடு முழுக்க ஒரு வாரம் பசை நாற்றம், முட்டைக்கோஸ் சமைத்தால்கூட அந்த வாடைதான்.

இதெல்லாம் யாருக்காக என்றால், மருஷாவுக்காக. பதினேழு வயதிலிருந்து என் பலகையில்தான் ஓடுகிறாள், இப்போது இருபத்து நான்கு. உலகக் கோப்பை வரிசையில் முதல் இருபதுக்குள் வந்துவிட்டாள். அவள் காலடியில் இருக்கிற பலகையைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் எனக்கு ஆர்டர் வரும். அதைவிடப் பெரிய விஷயம், என் மனதில் இருக்கிற பலகையை மலையில் காட்டக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

செப்டம்பரில் பட்டறைக்கு வந்தாள். மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆப்பிளைக் கடித்தபடி சொன்னாள்.

"அத்தை, டிசம்பர் பத்துக்குள்ள ரெண்டு பலகை குடுத்துடுங்க. நான் எங்கயும் போகமாட்டேன்."

"தகடு இல்லாம எப்படிடி குடுக்கறது?"

"அது உங்க கவலை. கீழ விழாம வர்றது என் கவலை."

"முடியலன்னா?"

ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினாள். "முடியலன்னா போயிடுவேன் அத்தை. பொய் சொல்ல விரும்பல."

அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

நல்ல வேளையாக ஓட்மார் இருந்தான். மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் அவனும் பலகை செய்கிறவன். ஆலையில் அவன் மச்சான் ஒருவன் வேலை பார்க்கிறான். அவனைப் பிடித்து, யாரோ பெரிய ஆள் வாங்கியது போக மிஞ்சின நாற்பது கிலோ தகட்டுச் சுருளின் வாலைக் கேட்டு வாங்கிவிட்டான். ஏழு பட்டறைக்காரர்கள் பங்கு போட்டோம். ஆளுக்கு எட்டுத் தகடு வரும். ஒரு பலகைக்கு இரண்டு. மருஷாவுக்கு நான்கு போனால் எனக்கு மீதி நான்கு.

சுருளை விரித்து வெட்ட நீளமான மேசை வேண்டும். அப்படி மேசை வைத்திருக்கிறவன் சிரில் ஒருவன்தான், வேறு வழியில்லை.

அவன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் நான்கு வருஷம் வேலை பார்த்தான். தகட்டைப் பிடிக்க, பசை கலக்க, பிரஸ்ஸில் சூடு வைக்க எல்லாம் என்னிடம் கற்றதுதான். ஒரு இலையுதிர் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அடுத்த குளிர்காலத்தில் அவன் பெயர் போட்ட பலகை வந்தது. பலகை திரும்புகிற விதத்தையே தீர்மானிக்கிற அதன் ஓர வளைவு என் வளைவு. ஒன்பது வருஷம் இழைத்து இழைத்து நான் கண்டுபிடித்த வளைவு. பழுப்புக் காகிதத்தில் படியெடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். கேட்டதற்கு, "வளைவுக்கு யார் பேரு எழுதிருக்கு?" என்றான். அன்றிலிருந்து அவன் வரும் தெருவில் நான் நடந்ததில்லை.

எங்கள் ஏழு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. சுருளை வெட்டினவன் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு கட்டாக எடுப்பார்கள். யாரும் யாரையும் நம்பத் தேவையில்லாதபடி யோசித்து வைத்த வழக்கம் அது.

நவம்பர் கடைசியில் நான் சிரிலின் கொட்டகைக்குப் போனபோது ஓட்மாரும் அங்கே இருந்தான். மற்ற நான்கு பேரும் காலையிலேயே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஓட்மாரின் கட்டும் வண்டியில் ஏறியிருந்தது. மீதி இரண்டு கட்டுகள். ஒன்று சுவரில் சாய்த்திருந்தது, கனமான காகிதம் சுற்றி, மேலே பென்சிலில் என் பெயர். இன்னொன்று மேசையின் மறுமுனையில் போர்வைக்குக் கீழே கிடந்தது.

"வா நெவென்கா. காப்பி போடட்டுமா?" என்றான் சிரில்.

"காப்பி குடிக்க வரல."

"தெரியும். கேக்கணுமேன்னு கேட்டேன்." சுவரைக் காட்டினான். "அது உன்னுது."

"எனக்காகச் சீட்டு யாரு எடுத்தா?"

"சீட்டு எடுக்கல. நானா ஒதுக்கி வெச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அது என்ன, எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எடுத்துட்டுப் போம்மா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சிரில் நல்லதுக்குச் சொல்கிறானாம்! ஓட்மாரைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கினான். "வெட்டினவன் கடைசின்னுதான் நம்ம பேச்சு. அவ இஷ்டம் போல எடுக்கட்டும்."

"அப்ப நான் அதை எடுத்துக்கறேன்" என்று போர்வைக்குக் கீழே இருந்ததைக் காட்டினேன்.

சிரிலின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சரியாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"அது வேணாம் நெவென்கா. அது எனக்குன்னு வெச்சது. அதுல..." ஓட்மாரை ஒரு பார்வை பார்த்தான், நிறுத்தினான்.

"அதுல என்ன? பழுப்புக் காகிதம் எதுவும் ஒளிச்சு வெச்சிருக்கியா? நீ ஒதுக்கறதும் தெரியும், நீ சுருட்டறதும் தெரியும். என் சோத்தைத் தின்னுட்டு என் வளைவைத் திருடினவன், எனக்கு நல்ல தகடு பொறுக்கி வெப்பியாக்கும்?"

ஓட்மார் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரில் போர்வையை எடுத்தான், கட்டைத் தூக்கினான், என் வண்டியில் கொண்டு வந்து வைத்தான், கதவைச் சாத்தினான். எங்கள் பக்கத்தில் யாரும் சண்டைக்குப் பிறகு இவ்வளவு மெதுவாகக் கதவைச் சாத்த மாட்டார்கள். அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் தகடு இரண்டு மீட்டர் இல்லை. ஒரு மீட்டர் எண்பது. சாண் நீளம் முனையில் வெட்டி எடுத்திருக்கிறான். கொட்டகையில் ஒன்று நிற்க, ஒன்று படுத்திருக்க, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் இதைத்தான் எடுப்பேன் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இதிலேயே கத்தரி வைத்திருக்கிறான், நரி. அப்படித்தான் நினைத்தேன். திருடனைப் பற்றி நினைக்க ஆரம்பித்தால் புத்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

இங்கே ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுத் தகடு வந்தால் அப்படியே எடுத்து ஒட்டிவிட முடியாது. பசை பிடிப்பதற்காக ஆலையில் அதன் மேல் ஒரு பூச்சுப் பூசியிருப்பார்கள். வெறும் விரல் பட்டாலே அது கெட்டுவிடும், தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். கெட்டது கண்ணுக்குத் தெரியாது. அதனால் தகட்டின் முனையில் முழு அகலத்துக்குக் கையகலத் துண்டு ஒன்று வெட்டி, மரத்தில் ஒட்டி, ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் குறடால் பிடித்து உரிக்க வேண்டும். மரநாரையும் பிய்த்துக்கொண்டு வந்தால் நல்ல தகடு. கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மருஷாவின் பலகை ஒரு மீட்டர் எழுபத்தெட்டு. தகடு ஒரு மீட்டர் எண்பது. விரற்கடை அகலம்தான் மிச்சம். கையகலம் வெட்டினால் பலகைக்குத் தகடு போதாது. எட்டுத் தகட்டில் ஒன்றைப் பலி கொடுக்கலாம், ஆனால் ஒன்று போனால் ஜோடியில்லாமல் இன்னொன்றும் போகும், ஒரு பலகையே போகும். எட்டு மாதமாகத் தகட்டுக்கு நாயாக அலைந்தவளுக்கு அதை வெட்ட மனசு வரவில்லை.

தகட்டைப் பலகையின் அளவுக்கு வெட்டும்போது, வளைவுக்கு வெளியே, ஒடுங்கின இடுப்புப் பக்கத்தில் பிறை வடிவில் ஓரத்துண்டு விழும். அதில் ஒன்றை எடுத்து ஒட்டி உரித்தேன். நாரோடு வந்தது. போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் எட்டாம் தேதி இரண்டு பலகையும் தயார். ரோக்லா மலையில் மருஷா முதல் ஓட்டம் ஓடிவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். ஐம்பத்தேழு வயதில் என்னைத் தூக்க ஆள் இருந்தது அந்த ஒரு நாள்தான். "அத்தை, இது பலகை இல்ல, தண்டவாளம்" என்றாள். முதல் பந்தயத்தில் எட்டாவதாக வந்தாள். அன்று இரவு பிளம் சாராயம் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, தெருவில் சிரிலைப் பார்த்தால்கூடச் சிரித்துவிடுவேன் போலிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், பயிற்சியின்போது, குளிர் மைனஸ் பதினாறு டிகிரிக்கு இறங்கியிருந்த காலையில், பலகையின் வால் பிளந்தது. கீழ்த்தகடு மரத்தை விட்டுப் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. வளைவின் நடுவில் பிடிமானம் போய், மருஷா வலைக்குள் போய் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கழுத்து முறியாதது அவள் அதிர்ஷ்டம், அதில் எனக்குப் பங்கில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பலகையை எடுத்துக்கொண்டு நேராகச் சிரிலின் கொட்டகைக்குப் போனேன். அவன் எஃகு விளிம்பை வளைத்துக்கொண்டிருந்தான். பலகையை அவன் முன்னால் எறிந்தேன்.

"பாத்துக்கோ. உன் தகடு. பொண்ணு கையை உடைச்சிடுச்சு."

குனிந்து வாலை விரித்துப் பார்த்தான். பிரிந்த தகடு பளபளவென்று சுத்தமாக இருந்தது, ஒரு நார் இல்லை.

"ஓட்மார் வண்டி தார்ப்பாய் கிழிஞ்சிருந்திருக்கு" என்றான். "வழியெல்லாம் மழை. சுருளோட வெளிச்சுத்து நனைஞ்சு போச்சு. அவனுக்கே தெரியாது. கறை பட்ட முனையெல்லாம் வெட்டிட்டேன், இருந்தாலும் நம்பிக்கை இல்ல. அதான் அதை எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். உள்சுத்துல நடுவுல இருந்த எட்டை உனக்கு எடுத்து வெச்சேன். மருஷாவுக்குன்னு."

எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"அதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"வாயெடுத்தேன். நீ பழுப்புக் காகிதத்தை எடுத்த."

"அதுக்கு? ஒரு பொண்ணு உசிரு..."

"ஆமா" என்றான். "ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. ரெண்டு நாள் கோவத்துல இருந்தேன். மூணாம் நாள் நினைச்சேன், எதுக்குப் பண்ணணும், நெவென்கா உரிச்சுப் பாக்காம ஒட்டமாட்டா. ஒட்டாதுன்னு தெரிஞ்சதும் கத்திக்கிட்டு அவளே வருவா, அப்பக் குடுத்துக்கலாம்னு." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "உரிச்சியா?"

"உரிச்சேன்."

"எதை?"

நான் குனிந்து பலகையைக் கையில் எடுத்தேன்.

"ஓரத்துண்டையா?"

அவன் என்னிடம் சேர்ந்த முதல் வாரத்தில் நான் அவனுக்குச் சொன்னது அது. தகட்டின் ஓரத்துண்டை நம்பாதே, அது பொய் சொல்லும், ஓரம் நன்றாக இருந்தாலும் முனை கெட்டிருக்கும், முழு அகலம் வெட்டிப் பார், மனசு வராவிட்டால் இந்தத் தொழிலுக்கு வராதே. அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் முகத்தில் அறைந்திருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?" என்று மட்டும் கேட்டான்.

"மாட்டேன்" என்றேன். அது சத்தியம்.

மருஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஓரத்துண்டு உட்பட. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மீதி நாலு தகடும் இதே மாதிரிதானா?"

"ஆமா."

"அந்த நல்ல எட்டும் சிரில்கிட்டயா இருக்கு?"

"ஆமாடி."

"அத்தை, நான்..." என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. "போ" என்றேன். கோபமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், கோபம் வரவில்லை. அவள் போன பிறகு பட்டறையைக் கூட்டினேன். ஏற்கெனவே கூட்டியிருந்த தரையைத்தான் கூட்டினேன்.

பிப்ரவரியில் ரோக்லாவில் உலகக் கோப்பைப் பந்தயம். போகக் கூடாது என்றிருந்தேன், போனேன். வேலிக்குப் பின்னால், மாட்டு மணியை ஆட்டுகிற கும்பலோடு நின்றேன். மணிக்கட்டில் இன்னும் பட்டையோடு மருஷா இரண்டாவதாக வந்தாள். எங்கள் மலையில் எங்கள் பெண், மணிச் சத்தம் காதைப் பிளந்தது. பரிசு மேடைக்குக் கீழே மைக்கை நீட்டினவனிடம், "சிரில் செஞ்ச பலகை" என்று சொல்லிப் பலகையை உயர்த்திப் பிடித்தாள்.

அது என் வளைவு. தொலைவிலிருந்தே எனக்குத் தெரியும். அதற்குள்ளே இருப்பது எனக்கென்று ஒதுக்கிய தகடு. மேலே அவன் பெயர். வளைவை அவன் திருடினான், தகட்டை நானே கொடுத்தேன். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, "ஏன் பாட்டி அழறீங்க, நாமதானே ஜெயிச்சோம்?" என்றாள். குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றேன்.

அந்த வாரமே சிரில் என் வாசலுக்கு வந்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு. கையில் காகிதம் சுற்றின மெலிந்த கட்டு.

"ஆறு செலவாச்சு. மீதி ரெண்டு. உன்னுது" என்றான்.

"இதுல ஓட யாரு இருக்கா எனக்கு?"

"தெரியல."

"உள்ள வரச் சொல்லமாட்டேன்."

"தெரியும்" என்றான். கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். காகிதத்தின் மேல் என் பெயர் பென்சிலில் அப்படியே இருந்தது.

கையுறை மாட்டிக்கொண்டு பிரித்தேன். அளந்தேன். முழுசாக இரண்டு மீட்டர். மருஷாவின் அளவு போக ஒரு சாண் மிச்சம். முனையிலிருந்து கையகலத்துக்கு, முழு அகலத்துக்குத் துண்டு வெட்டினேன். பசை கலந்தேன், மரத்தில் ஒட்டினேன், இறுகினதும் ஃப்ரீசரில் இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை அதைப் பட்டறை இடுக்கியில் இறுக்கி, குறடால் தகட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மேசைக் காலில் பாதத்தை முட்டுக்கொடுத்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மரம் நார் நாராகக் கிழிந்துகொண்டு வந்தது, தகடு அதை விடவில்லை. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். "விடு, திருட்டு நாயே, விடு" என்று கத்தியது நான்தான், ஆனால் அவனைத்தான் திட்டினேன் என்று சொல்ல முடியாது. உள்ளங்கை கொப்பளித்த பிறகுதான் குறடைக் கீழே வைத்தேன்.